சூரியன் மறைவதற்குள்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு, தோத்திரம். மூட்டுவலி தேவலையா? இங்கே வளைகுடாவில் நான் சுகம்.

நாம் இருவரும் தினமும் பைபிளில் ஒரே அதிகாரம் வாசிக்கிறோமே, நேற்று வந்தது, சூரியன் மறைவதற்குள் கோபத்தை விடச் சொல்லும் பகுதி. நேற்றென்று பார்த்து, அறையில் கூட இருக்கும் வெல்டர் என் குளியல் சோப்பில் பூட்ஸைக் கழுவிவிட்டார். சாயங்காலம் பட்டறைக்கே ஓடி, "அண்ணே, உங்கள மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"நீ மன்னிக்கிற அளவுக்கு நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று எகிறினார். மறுபடி சண்டை. அதற்குள் சூரியன் மறைந்துவிட்டதால், இன்று சாயங்காலம் வரை எனக்குத் தவணை.

பார்சலில் சோப்பு இரண்டாக வை. ஒன்று அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை போனைப் படக்கென்று வைத்தாயே, அதற்கும் இதே வசனம்தான். சூரியன் உன் பக்கம்தான் முதலில் மறைகிறது. ஆகவே முதலில் பேசவேண்டியது நீ.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. போன் சட்டைப்பையிலேயே இருக்கிறது.