பாசித் தண்ணீரும் ஒரு பொய்யும்

3.3.93 புதன்
நல்ல வெயில். கடற்பாசி பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். மீன்பிடிக்கிற மரியதாஸ் குருநகரிலிருந்து சைக்கிளில் ஒரு சாக்கு கொண்டுவந்தார். சண்டையால் ஆழக் கடலுக்குப் போகத் தடை என்பதால் கரையோரம் முழங்கால் தண்ணீரில் பிடுங்கியது.

செய்ய வேண்டியவை: கழுவுதல், இடித்தல், அவித்தல், பழைய வேட்டியில் வடித்தல். ஸ்பிரிட் கிடையாது. பனஞ்சாராயத்தை இரண்டு தரம் காய்ச்சி வடித்தால் வேலைக்கு ஆகும். வடிநீரில் அதை ஊற்ற, பிசின் திரண்டு அடியில் படியும். காயவைத்துத் தூளாக்கி ஆய்வுக்கு அனுப்ப எனக்கு வேண்டியது அதுதான்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டம்மா, என்னைப் பற்றி யாரிடமோ: "பெஞ்சாதி பிள்ளையள் கனடா போனதிலையிருந்து மனுசன் குடிக்கத் துவங்கிட்டுது. மணக்குதெல்லே." போய் விளக்கம் சொல்லலாம். மணக்கிறது என்பது உண்மைதானே. விட்டுவிட்டேன்.

கதைத்தோர்: மரியதாஸ், அரை மணி.

6.3.93 சனி
கடிதம்! ஜப்பானிலிருந்து, நாலு மாதம் அலைந்து. நான் அனுப்பிய பாசித் தூளைப் பெருங்குடல் புற்றுநோய் உயிர்க்கலங்களில் போட்டுப் பார்த்தானாம், அங்கே ஆய்வுகூடத்தில் இருக்கும் நண்பன். பெருக்கம் குறைந்ததாம். கண்ணாடித் தட்டில் மட்டும். எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறான்.

சொல்ல ஆளில்லை. மரியதாஸ் வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பினார். போய்விடுவாரே என்று இன்னும் கொஞ்சம் சொன்னேன். நாளைக்கு இதுதான் மருந்து, வெட்டுக்கொத்தே தேவைப்படாது என்று.

"குடலுக்கோ சேர்?"

"ஓம், குடலுக்குத்தான். இரும், தேத்தண்ணி வைக்கிறன்."

இருந்தார். பனங்கட்டியோடு இரண்டு தேத்தண்ணீர். சந்தோசமான நாள்.

கதைத்தோர்: மரியதாஸ், ஒன்றேகால் மணி!

12.3.93 வெள்ளி
மப்பு வானம். மரியதாஸ் வரவில்லை. அவர் மனைவி திரேசம்மா வந்தார், வெறுங்கையோடு.

மரியதாசுக்கு இரண்டு மாதமாக மலத்தோடு இரத்தம். குடலில் கட்டி என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வருகிற வியாழன் ஒப்பரேசன். வயிற்றில் ஓட்டை வைத்து மலத்துக்குப் பை கட்டுவார்களாம். பையோடு கடலில் இறங்குவதெப்படி, பூசைக்குப் போவதெப்படி என்று மாட்டேனென்கிறார். மத்தியானச் சோற்றை விட்டுப் பாசியை அவித்துக் குடிக்கிறார். தவக்காலம், ஒருசந்தி நோன்பு பிடிக்கிறார் என்று ஊர் நினைக்கிறது. மெலிவும் அதில் மறைந்துபோயிற்று.

"வெட்டாமல் மாறுமெண்டு சேர் சொன்னவராம்."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வெட்கம்.

13.3.93 சனி
குருநகர். மரியதாஸ் சட்டியோடு இருந்தார். பச்சைத் தண்ணீர், நாற்றம். தட்டில் மட்டும்தான் பார்த்தது, மனிதருக்குக் கொடுத்ததில்லை என்று விளங்கப்படுத்தினேன். சிரிக்கிறார்.

"தட்டிலை சாகிறது வயித்துக்கை சாகாதோ சேர்?"

இருபது வருடம் இரசாயனம் படிப்பித்தவன். பதில் சொன்னேன்தான், அவர் காதில் ஏறவில்லை. திரும்பும்போது சைக்கிள் செயின் கழன்றது, இரண்டு தரம்.

15.3.93 திங்கள்
திரும்பவும் போனேன்.

"மரியதாஸ், நான் சொன்னது முழுப் பொய். கடிதமே வரேல்லை. உது தென்னைக்குப் பசளை, வேறையொண்டுமில்லை."

"ஏன் சேர் பொய் சொன்னனீங்கள்?"

"தனிய இருக்கிறன். நீர் எழும்பிப் போயிடுவீரெண்டு சொன்னனான்."

அது மட்டும் உண்மை. மரியதாஸ் மனைவியிடம், "உந்தச் சட்டியைக் கொண்டுபோய் ஊத்து." எழும்பி உள்ளே போய்விட்டார்.

19.3.93 வெள்ளி
நேற்று ஒப்பரேசன் முடிந்தது. கட்டியை எடுத்தாயிற்று. ஆள் தப்பிவிட்டார். வார்டு வாசலில் நின்று பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தோடம்பழம் நாலு, திரேசம்மா கையில்.

12.4.93 திங்கள்
புழுக்கம். திரேசம்மா வந்தார். உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் பையோடே போனாராம், பின்வரிசை வாங்கிலில். சாப்பிடுகிறார். மாதா மாதம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், காட்டுவதாகச் சொன்னாராம்.

"இனிப் பாசி பிடுங்கித் தரமாட்டாராம் சேர். பொய் சொன்ன மனுசனாம்." சொல்லிவிட்டு அழுதார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

20.4.93 செவ்வாய்
மழை வரும்போல. காய்கிற பாசி ஏதும் இல்லை, எடுத்துவைக்க.

ஜப்பானிலிருந்து இரண்டாவது கடிதம். முன்பே அனுப்பியிருந்த இரண்டாம் தூளிலும் அதே பலன், முந்தியதைவிட நன்றாக. இன்னும் அனுப்பச் சொல்கிறான்.

சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தேன். வேலிப் படலை வரை போனேன். இதைக் கேட்டால் மரியதாஸ் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் திரும்பப் பாசிச் சட்டி வைப்பார். சைக்கிளைத் திரும்ப உள்ளே விட்டேன்.

கடிதம் அலுமாரியில், மேல்தட்டு. சத்தமாக ஒருமுறை வாசித்தேன்.

கதைத்தோர்: ஒருவருமில்லை.