ஆற்றுக்குக் காவல் இருந்தவருக்கு

மச்சான்,

இன்று காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் பூச்சிமருந்து ஸ்டோரைத் திறந்தேன். புதிதாக வந்த டின் ஒன்றின் மூடியை நெம்பியதும் அந்த வாடை எழுந்தது. மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்தாற்போல, தொண்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை. மூடியைத் திரும்ப அழுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். கீழே நம் ஆறு தெரிந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதியாவது வைப்போம் என்று இந்தத் தாளை எடுத்தேன்.

அக்காவை நீங்கள் கட்டிய வருடந்தான் தோட்டத்துத் துரை உங்களைத் தேயிலை மலை வேலையிலிருந்து எடுத்து ஆற்றுக் காவலுக்குப் போட்டார். வெள்ளைக்காரத் துரைமார் எந்தக் காலத்திலோ சீமையிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து நம் குளிர்ந்த ஆறுகளில் விட்ட ட்ரவுட் மீனுக்குக் காவல். துரைமாரின் மீன் சங்கத்தில் சேர்ந்தவர்கள் மட்டும் தூண்டில் போடலாம். தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் நம் சனம் போட்டால் குற்றம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று நம் பெண்கள் பழஞ்சேலையை விரித்துப் பிடிக்கும் பொடிமீனும் அதே ஆற்றில்தான் இருந்தது. சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

காக்கிச் சட்டையோடு நீங்கள் முதல் நாள் பீலிக்கரைக்குப் போனபோது, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அக்கா வந்து சொன்னாள். நானும் உங்களை அப்படித்தான் நினைத்தேன், துரை வீட்டு ஆள் என்று. நீங்கள் ஆற்றைப் பார்த்த விதம் எனக்குப் புரியச் சில மாதம் ஆனது. எந்தக் கல்லடியில் எந்த மீன் கிடக்கும், எந்த மாதத்தில் அவை மேலே ஏறிச் சரளைக்கல் தரையில் முட்டையிடும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ரோட்டு வேலையிலிருந்து வெடி திருடிவந்து ஆற்றில் போட்டவனை நீங்கள் அடித்தே விட்டீர்கள். "பெருசு செத்தா நாளைக்கு இன்னொண்ணு வரும். குஞ்சையும் சேத்துக் கொன்னா யாரு வருவா?" என்று கேட்டீர்கள்.

பாலத்துக்குக் கீழே உள்ள ஆற்றை லயத்துக்கு விட்டுவிடலாம், முட்டையிடும் மாதங்களில் மட்டும் யாரும் இறங்கக்கூடாது என்று துரையிடம் கேட்கப் போனீர்கள். துரை சிரித்துவிட்டு, "ஆறு தோட்டத்துக்கு. மீன் சங்கத்துக்கு. ஒனக்குச் சம்பளம். போதும்," என்று அனுப்பிவிட்டார். நீங்கள் அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் ஆற்றைச் சுற்றிப் பார்க்கப் போவதாக லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் பாலத்தடியில் வேண்டிய மீனைப் பிடித்துக்கொள்ளலாம். வெடி கூடாது, மேலே சரளைத் தரைப் பக்கம் போகக் கூடாது. எழுதாத ஒப்பந்தம். நான்கு வருடம் லயத்தில் ஒருவர்கூட அதை மீறவில்லை. தூண்டில் போட வந்த துரைமாருக்கும் மீன் குறையவில்லை.

பிறகு தேயிலைக் கொம்பைத் துளைக்கும் வண்டுக்கு மருந்து அடிக்கிற வேலை வந்தது. எட்டுப் பேர் சேர்ந்த கூட்டத்துக்கு நான் பொறுப்பு. வெறும் டின்னையும் பம்புகளையும் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த குழியில் கழுவச் சொல்லியிருந்தார்கள். குழிக்குத் தண்ணீர் சுமக்கவே அரை நாள் போகும். ஒரு சனிக்கிழமை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து கத்தினார். "இன்னும் மூணு ஏக்கர் கெடக்கு. இங்க நின்னு தண்ணி தூக்கிக்கிட்டிருக்கீங்களா? ஆத்துல கொண்டுபோய் அலசுங்க." நான் எதிர்த்துப் பேசவில்லை. மேல் ஆற்றில் இறங்கி எல்லாவற்றையும் அலசினோம். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக் கீழே போனது. எதிர்க்கரையில் நீங்கள் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். கீழ்ப்பக்கமாக ஓடினீர்கள்.

நீங்கள் பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கத் தொடங்கிவிட்டன. சரளைத் தரையில் கிடந்த பெரியவை, பொடிமீன், நண்டு, தவளை எல்லாமே. லயத்துச் சனம் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தது. கீழ் லயத்துச் சவரிமுத்து அண்ணன்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று அள்ளினார். அவர் மனைவி பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். "திங்காதீங்க, மருந்து மீனு," என்று நீங்கள் கத்தியதை யாரும் நம்பவில்லை. காவல்காரன் சொல்லும் வழக்கமான பேச்சு என்று நினைத்தார்கள். நீங்கள் வீடு வீடாகப் புகுந்து அடுப்பிலிருந்த சட்டிகளைக் கவிழ்த்தீர்கள். சவரிமுத்து அண்ணன் உங்கள் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தார். "எம் பொண்டாட்டி பத்தியச் சோத்துல கை வைக்க நீ யாருடா?" நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "அடிச்சுக்கங்க அண்ணே. அவங்க மட்டும் சாப்பிட வேணாம்," என்றீர்கள். அன்று யாரும் சாகவில்லை. கவிழ்த்ததைத் தின்ற இரண்டு நாய்கள் செத்தன. அதற்குப் பிறகுதான் சனம் உங்களை நம்பியது.

அந்த வாரம் மீன் சங்கத்துத் துரைமார் விருந்தாளிகளோடு தூண்டில் போட வருவதாக இருந்தது. செத்த ஆற்றுக்கு யாரையாவது பொறுப்புக் காட்ட வேண்டும். மீனை மயக்கும் காயை அரைத்துப் போட்டது சவரிமுத்துதான் என்று கண்டாக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கூடையோடு அவரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். காவல்காரரான நீங்கள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. போலீஸ், பத்துச் சீட்டு, ஒன்பது நாள் பிள்ளையோடு தெரு. பத்துச் சீட்டு என்றால் வேலை போவது மட்டுமா? லயத்தில் குடியிருக்கும் காம்பரா அறையும் போகும், புருஷனோடு பெண்டாட்டி வேலையும் போகும். பிரஜாவுரிமை மனு தள்ளுபடியான நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் வேறு எந்தக் கதவைத் தட்ட முடியும்?

நீங்கள் தொழிற்சங்கத் தலைவரைப் பார்க்கப் போனபோது நானும் கூட வந்தேன். அவர் கெட்டவர் இல்லை. "சம்பளம்னா பேசலாம், அரை நாள் பேர் வெட்டுறதுன்னா பேசலாம். மீனுக்காக வேலை நிறுத்தம் பண்ணச் சொல்றியா?" என்றார். "மீனுக்குக் காவல் போட்டாங்க தலைவரே. ஆத்துக்கு யாரு காவல்?" என்று கேட்டீர்கள். அவர் வெற்றிலையை மடித்தார்.

ஆபீசில் துரை வைத்த விசாரணைக்கு முந்தின சாயங்காலம் பீலிக்கரையில் என்னை நிறுத்தினீர்கள்.

"நாளைக்கு நான் உள்ளதச் சொல்லப் போறேன், மாப்ள. கண்டாக்கு சொல்லித்தான் கழுவுனாங்கன்னு."

"அப்ப என்னையும் கேப்பாங்களே மச்சான்."

"கேப்பாங்க. நீ தெரியாதுன்னு சொல்லிரு. நீங்க குழியிலதான் கழுவுனீங்க, அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிச்சா ஒன் அம்மா எங்க போயிப் படுப்பா? ஒரு காம்பரா மிஞ்சட்டும்."

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் நீங்கள் நின்ற இடம் எனக்கு இன்றும் தெரியும். துரை நாற்காலியில், மீன் சங்கத்துத் துரை பக்கத்தில், கண்டாக்கு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "சவரிமுத்து போட்டது நீ பாத்தது. சொல்லு," என்றார் துரை.

"அவரு போடலைங்க தொரை. மருந்து டின்னு மேல் ஆத்துல கழுவுனாங்க. கண்டாக்கய்யா கழுவச் சொன்னாங்க. நான் பாத்தேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க தொரை. நாங்க குழியிலதான் கழுவுனோம்," என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போலீஸ் வரவில்லை. விசாரித்தால் மருந்துக் கதை வெளியே வரும் என்று சங்கத்துத் துரைக்கே புரிந்திருக்க வேண்டும். சவரிமுத்து அண்ணன் தப்பினார். பொய் சொன்ன காவல்காரன் என்று உங்களுக்குச் சீட்டுக் கிழித்தார்கள். அக்கா இரண்டு பிள்ளைகளோடு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லிந்துலை ரோட்டில் இறங்கியபோது நான் மலையில் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வர லீவு கேட்கவில்லை.

வட்டவளையில் சொந்தக்காரர் காம்பராவில் இரண்டு மாதம் ஒளிந்திருந்தீர்கள். அந்தத் தோட்டத்துக் கங்காணி கண்டுபிடித்து விரட்டினார். கடைசியில் ஹட்டன் சந்தையில் மீன் கடை. கடலிலிருந்து லொறியில் வரும் பெட்டிகளை இறக்குவது, ஐஸ் உடைப்பது, செதிள் சுரண்டுவது. ஞாயிறுகளில் நான் வருவேன். ஒரு மீனை எடுத்து முதுகை அமுக்கிக் காட்டுவீர்கள். "முள்ளு நொறுங்கியிருக்கு பாரு. கடல்லயும் வெடிதான் போடுறாங்க. விரல் நீளக் குஞ்செல்லாம் பெட்டி பெட்டியா வருது." ஒருநாள் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கடலாமை மல்லாக்கக் கிடந்தது. உயிர் இருந்தது. திரும்பக் கொண்டுபோய்விடும்படி லொறிக்காரரிடம் சிங்களத்தில் கெஞ்சினீர்கள். அவர் சிரித்தார். கடை முதலாளி கத்தியைத் தீட்டினார். அது வெட்டப்படும்வரை அதன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். "நான் செஞ்சது அவ்வளவுதான்," என்றீர்கள் என்னிடம். அந்த ஐஸ் தண்ணீரிலேயே உங்கள் நெஞ்சில் சளி கட்டியது. அதுதான் உங்களைக் கொண்டுபோனது.

அத்தனை ஞாயிறுகளிலும் அந்த விசாரணையைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மட்டும் உங்கள் காரியம் முடிந்த அன்று சொன்னாள்: "நீ மனசுல வச்சுக்காதடா. அவருதான ஒன்னய அப்படிச் சொல்லச் சொன்னாரு." நான் தலையாட்டினேன்.

ஆற்றில் இப்போது பொடிமீன் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. துரை மீன் வரவில்லை. மருந்து டின்களை நான் குழியில்தான் கழுவ வைக்கிறேன், தண்ணீரை நானே சுமக்கிறேன். அம்மா அதே காம்பராவில் படுத்திருக்கிறாள். நீங்கள் சொன்னபடி ஒன்று மிஞ்சியது.

நான் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் பீலிக்கரையில் என்னை நிறுத்தாமல் போயிருந்தாலும், அந்த வராந்தாவில் நான் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். உங்களைக் கைவிட்டவன் என்ற பேரோடு நான் அக்கா முகத்தில் விழிக்கக்கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எனக்கு அந்த அனுமதியைக் கொடுத்தீர்கள். அதை வைத்துத்தான் இன்றுவரை அவள் வீட்டில் சாப்பிடுகிறேன். அவளிடம் இதைச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை, மச்சான்.