உடைக்கக் கூடாத நீலக் குழாய்

என் பிரியமான எஸ்தர் அக்கா,

எங்கள் ஊர் கம்பத்திலிருந்து எழுதுகிறேன். நீ காய்ச்சலில் கண்மூடிய மறு வாரமே, யுத்த விமானங்களின் குண்டு விழும் என்று பயந்து சென்னை காலியானது. கல்லூரியை மூடிவிட்டார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் கடைசியாக நீ செய்த நீல உப்பை, காற்றுப் புகாமல் நீயே தீயில் உருக்கி அடைத்த கண்ணாடிக் குழாயோடு எடுத்து வந்துவிட்டேன். அதை எப்படி விட்டு வருவேன்? ஒப்பிட்டுப் பார்க்க மாங்கனீசு சல்பேட்டுக் குழாய் ஒன்றும் கூட வந்தது.

ஒரே மாங்கனீசுதான், ஆனால் சுற்றி நிற்பவை மாறினால் காந்தம் இழுப்பதும் மாறும் என்பாய். சாதாரண சல்பேட்டில் அதன் காந்தத்தன்மைக்குக் காரணமான ஐந்து எலெக்ட்ரான்களும் தனித்தனியே நிற்கின்றன. காந்தம் பலமாக இழுக்கிறது. ஆறு சயனைடுகள் நெருக்கிப் பிடித்தால் அவற்றில் நான்கு இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துவிடும், ஒன்றுதான் தனியாக மிஞ்சும் என்றாய். அளந்து பார்ப்பதற்குள் படுத்துவிட்டாய்.

அப்பாவின் நகைக்கடைத் தராசையும், ஓடாத பஸ்ஸில் கழற்றிய லாடக் காந்தத்தையும் வைத்து நானே பார்க்கலாம் என்று முற்றத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தானா போலீஸ் வர வேண்டும்? வெள்ளைக்காரனை எதிர்த்துத் தந்திக் கம்பி அறுத்தவர்களைத் தேடி வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள்.

ஏட்டையா குழாயைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, வெடிமருந்தா?"

"எம்புள்ள பட்டணத்துல படிக்கிற புள்ள ஏட்டையா," என்று அம்மா கும்பிட்டாள்.

அவர் கூட வந்த கான்ஸ்டபிளிடம் குழாயை நீட்டினார். "ஏலே, இத ஒடச்சு அந்தக் கழனித்தொட்டில கொட்டு. வெடிச்சா தண்ணிக்குள்ளயே அடங்கிப் போகும்."

மாடு குடிக்கிற தொட்டி, அக்கா. அரிசி கழுவிய புளித்த கழனியில் அந்த உப்பு விழுந்தால் கிளம்பும் சயனைடு ஆவி, குனிந்து நிற்கிற அந்தக் கான்ஸ்டபிளைத்தான் முதலில் பிடிக்கும். விஷம் என்று சொன்னால் என்னை ஜெயிலுக்குக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால்? அதற்குள் அவன் கல்லை எடுத்துவிட்டான்.

"ஒடச்சிராதீக! அது விஷம்!" என்று கத்திவிட்டேன்.

கான்ஸ்டபிள் கல்லைக் கீழே போட்டான். "யாருக்கு வச்சிருக்க?" என்றார் ஏட்டையா, மெதுவாக.

"யாருக்கும் இல்லைய்யா. இங்கன பாருங்க."

சல்பேட்டுக் குழாயைத் தராசுத் தட்டின் அடியில் தொங்கவிட்டு, மறுதட்டில் எடை வைத்துச் சமன் செய்து, காந்தத்தை அதன் கீழே கொண்டுபோனேன். தட்டு சட்டென்று இறங்கியது. கான்ஸ்டபிளிடமிருந்து நீலக் குழாயை வாங்கி அதேபோல் மாட்டினேன். முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

"ரெண்டுலயும் ஒரே மாங்கனீசுதான். இதப் படிக்கத்தான் வச்சிருக்கோம்."

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். "பூட்டி வை. மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வாறேன்," என்று காந்தத்தைக் கையோடு எடுத்துப் போனார். அவர்கள் தெரு தாண்டிய பிறகுதான் அம்மா அழுதாள். "ஆத்தா, ஏன்டி இந்த வேல ஒனக்கு?"

இன்னும் யாரும் திரும்பி வரவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் குழாய் வைத்த பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். நான் பார்த்தது சரியான அளவீடும் இல்லை. குழாய்க்குக் குழாய் உப்பு வேறு, எடை வேறு. உன் கணக்குச் சரிதானா என்று கல்லூரியின் பெரிய காந்தத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். நீ இருந்தால் இப்போது என்ன செய்வாய்?

கல்லூரியைத் திறக்கப் போவதாகத் தகவல் வந்திருக்கிறது. வழியெல்லாம் சோதனை என்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனாலும் குழாயை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அளப்பேன். வருகிற எண் உன் கணக்கைப் பொய்யாக்கினாலும், அதை உன் பெயரில்தான் எழுதுவேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
கோமதி