'என்' என்கிற எழுத்து யாருக்கு?

சேசு மரி சூசை

பினாங்கு
5 ஆகஸ்ட் 1934

அன்பு மகன் ரேமண்டுக்கு அம்மா சொல்லி எழுதுவது. தேவமாதா தயவில் அப்பாவும் நானும் தங்கச்சி சவுந்தரமும் இங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், தைப்பிங்கில் மழை விடுகிறதே இல்லை என்று எழுதியிருந்தாய், நனைந்த சட்டையோடு வகுப்பில் நிற்காமல் நீ உலர்ந்த துணியில் இருக்கிறாய் என்று தெரிந்தால் அதுவே எங்களுக்குச் சுகம். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருநாளுக்குப் படகேறிப் போய் வந்தோம், உன் பேருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன், காற்றில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் நின்று எரிந்தது, அதனால் பயமில்லை. கடைச் சாப்பாட்டில் மீன் நாறினால் வெட்கப்படாமல் திருப்பிக் கொடு.

அண்ணே, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்து உள்ளே போயிருக்கிறார்கள், மற்ற வீட்டுச் சேதியை நீயே எழுது, ஆசீர்வாதம் சொல்ல மட்டும் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகையால் இனி வருவது என்னுடையது. நேரில் என்றால் உங்கள் முன்னால் இத்தனையும் பேச எனக்கு வாய் வராது.

உங்கள் போன கடிதத்தை அப்பா, பாடத்தாள் வேலைக்குக் கூடுகிற சனிக்கிழமை மேசையில் எல்லோருக்கும் கேட்க வாசித்தார்கள். மிஸ் நவமணி அனுப்பிய அல்ஜீப்ரா பாடத்தாள் வெகு நேர்த்தி, வரிசையும் நன்றாக இருக்கிறது, கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கையெழுத்து என்னுடையது அண்ணே. அப்பாவும் பிறை ஊர்ப் பள்ளிக்கூடத்து முகம்மது கனி மாஸ்டரும் சேர்ந்து பாடத்தாள் தயாரித்து ஊர் ஊராக உங்களைப் போன்ற மற்ற மாஸ்டர்மாருக்கு அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வேலை என் கையில்தான் இருக்கிறது. ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய வைப்பதும், அப்பா கிறுக்கித் தருவதை ஊதா மையில் திருத்தமாக எழுதி அந்த ஜெல்லியின் மேல் கவிழ்த்து அழுத்துவதும், பிறகு வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து உரித்தெடுப்பதும் நான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது என் விரல் ஊதாவாக இருப்பதைப் பார்த்துப் பெண்கள் குசுகுசுப்பார்கள், எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்தபோது ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், உங்களை நிறுத்தவில்லை, அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ஜெல்லித் தட்டுத்தான். கடிதத்தைக் கேட்டதும் மிஸ் நவமணி உடனே, கையெழுத்து சவுந்தரத்தோடது ஸார், உங்க மகனுக்கு எழுதிடுங்க என்றார். அதை அப்பா சொல்லியிருக்க வேண்டும். அவர் முந்திக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், வீடு ஜெலுத்தோங், ஈஸ்டருக்குப் பிறகுதான் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்த அன்றைக்கே அப்பாவிடம், அடைப்புக்குறியை முதலில் வைத்தால் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள், மீன்காரன் தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமன் செய்கிற கணக்கை முதலில் வையுங்கள் என்று சொன்னார். அப்பா இத்தனை வருஷமாக அடைப்புக்குறியில்தான் ஆரம்பித்தவர்கள். கோபம் வரும் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். சரிதான்மா, இது எனக்குத் தோணாமப் போச்சே என்று தாள்களை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கினார்கள். தேத்தண்ணியில் நான் சீனி குறைத்துப் போட்டால் அரை மணி நேரம் தர்க்கம் செய்கிற அப்பாதான் இப்படி.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போட்டால் பையன்கள் பெருக்கல் குறி என்று நினைக்கிறார்கள் என்று அப்பா ஆரம்பத்தில் என்னிடம் வேறு ஒரு எழுத்துக் கேட்டார்கள், நான் என் பேரின் முதல் எழுத்தான எஸ் என்றேன், அன்றிலிருந்து எல்லாத் தாளிலும் எஸ்தான். உங்கள் பையன்கள் இத்தனை நாள் தேடித் தேடிக் கண்டுபிடித்தது என்னைத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். நேற்று எழுதக் கொடுத்த புதுத்தாளில் ஒரு எஸ் கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை 'என்', 'என்', 'என்' என்றே இருந்தது. என் என்றால் நவமணிதானே. பேனாவை அப்படியே வைத்தேன். அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அம்மா தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேசைக்குப் போய், ஏங்க, நவமணி வந்ததும் நவமணி எழுத்து வந்திருச்சாமே, எம்புள்ள எழுத்த எங்க தூக்கிப் போட்டீங்க என்று கேட்டுவிட்டார்கள். அப்பா விழித்தார்கள், பிறகு, அது நம்பருக்கு உள்ள எழுத்தும்மா, உலகத்துல எல்லாரும் போடுறதுதான் என்றார்கள். கனி மாஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இல்ல மாஸ்டர், தங்கச்சி என் எழுத்து எங்கன்னு கேக்குது, நாமளும் என் எழுத்தத்தானே போட்டிருக்கோம், அப்புறம் என்ன சண்ட லா என்று மலாய்க்காரர் மாதிரி இழுத்தார். அப்பாவும் சிரித்தார்கள், அம்மாவும் புரியாமலே சிரித்தார்கள். மிஸ் நவமணி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு அவர் அடுக்களைக்கே வந்துவிட்டார். சவுந்தரம், இவ்வளவு தாள் எழுதியிருக்கியே, ஒரு கணக்கையாவது போட்டுப் பாத்தியா, வர்ற சனிக்கிழமை எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே வர்றேன், நாம ரெண்டு பேரும் போடுவோம் என்றார். நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். அப்பா கூடத்திலிருந்தே, நல்லதும்மா, அவளுக்குச் சொல்லிக் குடு என்று சத்தம் போட்டார்கள். அத்தோடு இன்னொன்றும் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து பாடத்தாளை மிஸ் நவமணியுடைய பள்ளிக்கூடத்தில் டைப் அடித்து, உருட்டுகிற மெஷினில் அச்சுப் போட்டு எல்லா ஊருக்கும் அனுப்பப் போகிறார்களாம். அப்புறம் ஜெல்லித் தட்டும் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாம். அந்த மேசைக்கு என்னை எதற்குக் கூப்பிடுவார்கள், தேத்தண்ணி கொண்டுவரத்தான்.

எனக்கும் அல்ஜீப்ரா தெரிய வேண்டும் அண்ணே. அவரிடமிருந்து வேண்டாம், உங்களிடமிருந்து வேண்டும். முதல் பாடத்தை எனக்கென்று எழுதி அனுப்புங்கள், நான் கணக்குகளைப் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன், தப்பாக இருந்தால் நீங்கள் ஒருவர் மட்டும் சிரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்குள் வந்தால் அண்ணன் சொல்லித் தருகிறார் என்று நான் தலை நிமிர்ந்து சொல்லிவிடுவேன். வராவிட்டால் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். எனக்குப் புரியாமல் போகும் என்று பயமில்லை, புரிந்துவிடும் என்றுதான் பயம், பிறகு அப்பாவைப் போல உங்களைப் போல நானும் அவரையே புகழ்ந்துகொண்டு திரிவேன்.

அம்மா வந்துவிட்டார்கள், இத்தனை பக்கம் என்னடி எழுதினே என்று கேட்டார்கள், வீட்டுச் சேதி என்றேன். இனி அம்மா சொல்வது. மகனே, வேளைக்குச் சாப்பிடு, பூசைக்குத் தவறாதே, நீ நடக்கிற வழியெல்லாம் அன்னம்மாள் உனக்கு முன்னே நடக்கட்டும். கம்பளிச் சட்டை பெட்டிக்கு அடியில் இருக்கிறது, எடுத்துப் போடு. மிஸ் நவமணி அடக்கமான பிள்ளை, நம் கோயில்தான், கிறிஸ்துமஸுக்கு வரும்போது நீயே பார். அண்ணே, இந்தக் கடைசி வரியை அம்மா பக்கத்தில் நின்று எழுத வைத்தார்கள், நானாக எழுதவில்லை.

இப்படிக்கு,
உன்னை நெஞ்சில் சுமக்கும் அம்மா
அமலம்மாள்
கையெழுத்து: சவுந்தரம்

பின்குறிப்பு: அண்ணே, பாடத்தை அப்பா பேருக்கு அனுப்பாதீர்கள், உறையில் என் பேரைப் போடுங்கள். அப்பா கையில் கிடைத்தால் சரியாக இருக்கிறதா என்று முதலில் மிஸ் நவமணியிடம்தான் காட்டுவார்கள்.