எங்கள் கோல்கீப்பராக இருந்த மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். நலமில்லை. ஆனாலும் மரியாதை குறையாமல் எழுது என்று அம்மா பின்னால் நின்று சொல்கிறாள். தங்கையைக் கட்டிக்கொண்டவர் ஆயிற்றே, உங்களைத் திட்டுவதானால்கூட 'ங்கள்' போட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் அணி எந்த இடத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிறன்று உங்களோடு ஆடும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் முதல் பிரிவில் இருப்போம். டிரா ஆனாலும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம்தான். இறங்கிய அணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கலைத்துவிடலாம் என்று அணியை நடத்துகிற கம்பெனி சொல்லிவிட்டது. அணியே இல்லாதபோது பயிற்சியாளன் எதற்கு? ஐம்பது வயதில் என் எம்.ஏ. பட்டத்தைத் தூசு தட்டிக்கொண்டு ஏதாவது டுடோரியல் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சீசன் நடுவில் எங்களை விட்டு அந்த அணிக்கு நீங்கள் போனதைக் குறை சொல்ல மாட்டேன். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், யார்தான் விடுவார்கள்? ஆனால் தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வந்துவிட்டு, போகிற செய்தியை மட்டும் என் தங்கை வாயால் சொல்ல வைத்தீர்கள் பாருங்கள், அது இன்னும் செரிக்கவில்லை.

உங்கள் இடத்துக்கு வந்த நெட்டையன் கெட்டிக்காரன்தான். போன ஆட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஆளுக்கு ஒரு கோல். பந்து எங்கள் கோல் பக்கம் உருண்டு வந்தது. நெட்டையன் "விடு, விடு" என்று கத்தினான். அவன் பழைய அணியில் அதற்கு, ஓங்கி ஒரு உதை விடு என்று பொருள். எங்கள் பின்வரிசைக்கு நீங்கள் பழக்கிவைத்த பொருள் வேறு: நீ விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். பின்வரிசையில் நின்ற கட்டையன் காலை எடுத்து வழிவிட்டான். பந்து இருவருக்கும் நடுவே, அழைத்த விருந்தாளி மாதிரி அவசரமில்லாமல் உள்ளே போனது.

கட்டையன் என்னிடம் வந்து, "விடுன்னுதான சார் சொன்னான், விட்டுட்டேன்" என்றான். போகும்போது உங்கள் சொல்லையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

நேற்று கிளப் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். அந்த மனிதர் டீ கொடுத்தாலே பின்னால் ஏதோ கேட்கப் போகிறார் என்று பொருள். உங்கள் அணி பத்திரமாக நடுவில் இருக்கிறதாம், தோற்றாலும் ஒன்றும் குறையாதாம். "மச்சானுக்கு மச்சான் இதுகூடச் செய்யலன்னா எப்படி சார்? ஒண்ணே ஒண்ணு விடச் சொல்லுங்க. கால் வழுக்கிருச்சுன்னா யாரு கேக்கப் போறா?" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதுகிறேன். கேட்டால் எழுதினேன் என்பேன், பொய்யில்லை.

தங்கை போன் செய்திருந்தாள். "உங்க டீம் தப்பிச்சிருமாண்ணே?" என்று கேட்டாள். 'நம்ம டீம்' என்று தொண்டை கட்டக் கத்தியவள். அதோடு நிறுத்தாமல், அவரிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்றாள். உன் வேலையைப் பார் என்று வைத்துவிட்டேன். பிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை, எங்கள் ஆட்கள் அடிப்பதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். நீங்கள் வேண்டுமென்றே வழுக்கினால் மைதானத்தில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அப்புறம் உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்குக்கூட மதிப்பில்லாமல் போகும். என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விசில் ஊதியதும் எங்கள் பக்கம் வராதீர்கள். தோற்றவன் தோளில் கை போட்டு நீங்கள் பேசுகிற விதம் எனக்குத் தெரியும். ஞாயிறன்று அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இருக்காது. நேராக உங்கள் அறைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்