குடைமேல் குடை

மல்கிரேவ்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். அண்ணி கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கிரண் சோறு இல்லாமலே தின்று தீர்த்துவிட்டார். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, எடுத்தாலும் கோயில் மீட்டிங் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நாம் இருவரும் சேர்ந்து செய்யும் வேலையாயிற்றே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெவன் இன மாட்டுச் சங்கம் போடும் புகழ்பெற்ற காளைகள் புத்தகத்துக்கு நீங்கள் பழைய படங்களைத் துலக்கித் தருகிறீர்கள். படத்தில் நிற்பது எந்தக் காளை என்று பார்த்துச் சொல்வது மாட்டு டாக்டரான என் பாடு. சலித்துவிட்டது அண்ணா. ஆளுக்கொரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் மாடு ராஜ வம்சம் என்கிறார்கள். பொய் சொல்ல யாருக்கும் வாய் கூசவில்லை.

ஜோன் என்று ஒரு அம்மாள். தன் மாமனார் வைத்திருந்த காளைதான் பேர்போன ரெட் ஷெரிஃப், தன்னிடம் இருக்கும் மந்தை அதன் வாரிசு என்றாள். ரெட் ஷெரிஃப் போய்ச் சேர்ந்து எண்பது வருடம் ஆகிறது. மரபணு பார்க்க ஒரு மயிர்கூட மிச்சமில்லை. டெவன் மாடு எல்லாமே ஒரே செவலை என்பதால் சுழியை வைத்துத்தான் அடையாளம். ரெட் ஷெரிஃப்பின் நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழி என்று அந்தக் காலத்தில் சிட்னி கண்காட்சியில் அதற்குப் பரிசு கொடுத்தவர் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய ஜோன் வீட்டுப் படத்தில் ஒரே சுழி. இது ரெட் ஷெரிஃப் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாரிசு என்றால் சங்கமே மந்தையை எடுத்து வளர்த்திருக்கும். இனி மாத முடிவில் இறைச்சிக்கூடத்து லாரியில் ஏற்றிவிடுவாளாம். அவளுக்கும் வயதாகிவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
லக்ஷ்மிப்ரியா


ஹோம்புஷ்
9 மார்ச் 2025

அன்புத் தங்கை லக்ஷ்மிக்கு,

பெருமாள் கிருபையில் நானும் உன் அண்ணியும் சௌக்கியம். ஊறுகாய் இன்னொரு ஜாடி போட்டிருக்கிறாள். மாப்பிள்ளையைக் கொஞ்சம் மோரும் குடிக்கச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன் அம்மிணி. அந்தப் படத்தில் இருந்தது இரண்டு சுழிதான். நம் ஊரில் ஆகாது என்பார்களே, அசல் குடைமேல் குடைச் சுழி. பார்த்ததும் எனக்கு மேலெல்லாம் கூசிவிட்டது. நம் அப்பா அந்தியூர்ச் சந்தையில் எத்தனை மாடு தரகு முடித்தவர், அப்படி ஒரு மாட்டைக் கயிற்றில்கூடத் தொடமாட்டார். வைத்திருக்கும் வீட்டில் துக்கத்துக்கு மேல் துக்கம். அதைப் போய்ப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவதா? கம்ப்யூட்டரில் மேல் சுழியை அழித்து, முடியைப் படிய வாரிவிட்டேன். வெள்ளைக்காரனுக்குச் சுழியைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். நீ சுழி பார்ப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் தலையில் இருக்கும் ரெட்டைச் சுழியை மல்லிகைச் சரம் வைத்து மறைத்ததும் நான்தானே. இல்லாவிட்டால் இரண்டு கல்யாணம் ஆகும் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருப்பார்கள்.

என்றும் அன்புடன்,
அண்ணன் நாகராஜன்


மல்கிரேவ்
12 மார்ச் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

நான் ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சிரித்தேன் என்கிறீர்கள். போனில் சொன்னேன், பாதியிலேயே வைத்துவிட்டீர்கள். அதனால் தெளிவாக எழுதுகிறேன். சங்கத்தாரிடம் பேசிவிட்டேன். நான் எழுதிக் கொடுத்ததை மாற்ற வேண்டுமானால் துலக்காத மூலப்படம் வேண்டும் என்கிறார்கள். இருப்பது அந்த ஒரு படம்தான், அது உங்களிடம் இருக்கிறது. இன்றைக்கே கூரியரில் போடுங்கள். படம் வரும்வரை பொறுக்கச் சொல்லி ஜோனிடம் கெஞ்சியிருக்கிறேன். மாத முடிவைத் தாண்டி வைத்திருக்க அவளிடம் புல் இல்லை.

என் ரெட்டைச் சுழியைக் கல்யாணத்துக்கு முன்பே கிரணிடம் நான் காட்டிவிட்டேன். அவர் சிரித்தார். நீங்கள் மறைத்ததால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

லக்ஷ்மி


ஹோம்புஷ்
20 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

இப்படியெல்லாம் எழுதலாமா கண்ணு? எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

படம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுழி பிடித்த படத்தை அப்படியே உன் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. 29ஆம் தேதி சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பெருமாள் காலடியில் வைத்து, உன் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்து, தோஷம் கழித்துத்தான் அனுப்புவேன். அதுவரை பொறு. அப்புறம், சங்கத்தில் என் பெயரை இழுக்காதே. உங்கள் ஆபீஸில் ஏதோ படம் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். எனக்கு வரும் வேலையெல்லாம் அவர்கள் மூலம்தான்.

எப்படிப் பார்த்தாலும் அது கறிக்குப் போகிற மாடுதானே அம்மிணி. அதற்காகக் கூடப்பிறந்தவனோடு மல்லுக்கு நிற்பார்களா?

அன்புடன்,
அண்ணன்


மல்கிரேவ்
8 ஏப்ரல் 2025

திரு. நாகராஜன் அவர்களுக்கு,

படம் வந்தது. உறையைப் பிரித்ததும் துளசியும் குங்குமமும் மேஜையெல்லாம் கொட்டின. துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு சுழியும் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்படி இருக்கின்றன.

அன்றைக்கே ஜோனிடம் எடுத்துக்கொண்டு போனேன். பட்டி காலியாகக் கிடந்தது. லாரி மூன்று நாள் முன்னாலேயே வந்து போய்விட்டது. ஒரு கன்றையாவது நிறுத்தி வைத்தாயா என்று கேட்டேன். "ஷெரிஃப்போட ரத்தம் இல்லைன்னு நீதானே எழுதிக் கொடுத்தே. அப்புறம் அது வெறும் கறிதானே, கறியை யாராவது வளர்ப்பாங்களா?" என்றாள். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை யார் செய்தது என்று கேட்டாள். என் அண்ணன் என்றேன். ஏன் என்று கேட்டாள். நெற்றியில் இப்படி இரண்டு சுழி ஆகாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றேன். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

சங்கத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், உங்கள் பெயரோடு. முதல் பக்கத்தில் ரெட் ஷெரிஃப் இரண்டு சுழியோடு வரும். கீழே, இந்தக் காளைக்கு இன்று வாரிசு இல்லை என்று ஒரு வரி இருக்கும். அதை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது, மாப்பிள்ளை மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடு என்று இங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனீர்கள். நீங்கள் சைவம்தான். ஆனால் கிரண் தின்றது ஒரு தட்டு, நீங்கள் தின்றது ஒரு மந்தை. இனி நீங்கள் கேட்டாலும் இந்த வீட்டில் உங்களுக்குத் தண்ணீர் கிடையாது.

லக்ஷ்மிப்ரியா கிரண்