பேஸ்மென்டில் தொங்கும் சிவப்புச் சீட்டு

டாஃபின், மனிடோபா
ஜனவரி 15, புதன்கிழமை

அன்பு மகன் நெஸ்தருக்கு,

நீயும் கொலீனும் ஹாலிஃபாக்ஸில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை அதை எழுத மாட்டேன் என்கிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அடுப்படியில் கரண்ட் ஓவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவின் பார்க்கா கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறை போட்ட கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. வெளியே மைனஸ் முப்பத்தாறு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவேன்.

வீட்டுக்கே சூடு கொடுக்கிற ஃபர்னஸ் போய்விட்டது நெஸ்தர். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால் வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை தெரிகிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன், ட்ரேசி என்று ஒரு மெக்கானிக் வந்தாள், ஐம்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. அவள் வாசற்படி ஏறி வந்ததற்கே இருநூற்று நாற்பது டாலர், இன்னும் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. நீ புதிதாக வீடு வாங்கியவன், இதைத் தெரிந்து வைத்துக்கொள், கூப்பிடும்போதே வரும் கூலி எவ்வளவு, அது ரிப்பேர் கணக்கில் கழியுமா கழியாதா என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும், நான் குளிரில் பல் கிட்டிப்போய்க் கேட்காமல் விட்டேன். அவள் உள்ளே கேமராவை விட்டு எனக்கும் காட்டினாள். தீயையும் புகையையும் வீட்டுக் காற்றில் கலக்காமல் பிரித்து வைக்கிற தகட்டுப் பெட்டி இருக்கிறதே, அதில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். உடனே கேஸை அடைத்து, இதை ஓட்டக்கூடாது என்று சிவப்புச் சீட்டை எழுதி அதில் கட்டிவிட்டாள். நான் கெஞ்சினேன், இரண்டு நாளைக்காவது விடம்மா என்றேன். "முடியாதும்மா, இதத் திரும்ப ஓட விட்டா என் லைசென்ஸ் போவும், உங்க உசுரும் போவும், விஷப்புகைக்கு வாசன கெடையாது, தூக்கத்துலயே முடிச்சிரும்" என்றாள். இரண்டு குட்டி ஹீட்டரைக் கொடுத்து, குழாயைச் சொட்ட விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாவது ஹீட்டரைச் செருகினால் ஃபியூஸ் போகிறது.

அந்தப் பெட்டியை மட்டும் மாற்றினால் மூவாயிரத்து அறுநூறு, ஆனால் சாமான் வர ஐந்து வாரம். பதினாறு வருஷத்து ஃபர்னஸில் அவ்வளவு காசைக் கொட்டினால் அடுத்த வருஷம் விசிறி போகும், அதற்கடுத்து இன்னொன்று போகும் என்கிறார்கள். புதிது என்றால் ஏழாயிரத்து நானூறு, அதற்கும் மூன்று வாரம், ஏனென்றால் இந்தக் குளிரில் ஊரில் பாதிப் பேருக்கு இதே கதி. வேறொரு கம்பெனிக்காரன் ஆறாயிரத்து நூறு என்றான், எனக்கு வாயெல்லாம் பல். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தால் புகைக்குழாய் தனி, அனுமதிச் சீட்டுத் தனி, பழசை எடுத்துப் போவது தனி, கூட்டினால் அதே ஏழாயிரத்து நானூறுதான். எதெல்லாம் சேர்த்தி என்று எழுதி வாங்காமல் எந்த விலையையும் நம்பாதே. இருபது வருஷ உத்தரவாதம் இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினேன், வருஷா வருஷம் சர்வீஸ் செய்த ரசீது எங்கே என்றார்கள். உன் அப்பா எந்த வருஷம் ஆள் கூப்பிட்டார், ஃபில்டர் மாத்த எனக்குத் தெரியாதா, இதுக்கு ஒருத்தன் வந்து நூத்தம்பது டாலர் புடுங்கிட்டுப் போவணுமா என்றே பதினாறு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

காசு எப்படியாவது புரளும், அதற்காக நான் இடிந்துபோய் உட்காரவில்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். நவம்பரில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அது போதாதென்று நிமோனியாவும் பிடித்து, பத்து வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடக்கிறார். எழுபத்தெட்டு வயதில் அது சின்ன விஷயமா. ஹாலில் கட்டில்கூடப் போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் வேலையைப் பார்க்கிற சோலான்ஜ் என்ற பெண் திங்கட்கிழமை வந்து பார்த்தாள், அடுப்படியைத் தாண்டினால் ஐஸ் பெட்டி, இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அவர் இங்கே ஒரு ராத்திரி தாங்க மாட்டார் என்றாள். ஆஸ்பத்திரிப் படுக்கையைக் காலி செய்தாக வேண்டுமாம், வடக்கே நூற்றைம்பது கிலோமீட்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறதாம், கொஞ்ச நாளைக்கு என்றாள். கொஞ்ச நாளைக்கு என்று அங்கே போன யார் திரும்பி வந்தார்கள் சொல்லு, நம் சர்ச்சிலிருந்து போன மூன்று பேரும் சவப்பெட்டியில்தான் வந்தார்கள். உன் தங்கை இரேனாவின் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றால் அவள் இருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மோட்டலிலும் கேட்டேன், குளியல் தொட்டியில் அவரால் காலைத் தூக்கி வைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வாசில் இடுக்கியோடு வந்தான். "சீட்ட அறுத்து வீசு அடெலின், பத்து நிமிஷத்துல நான் ஓட வெக்கிறேன், நம்ம காலத்துல எவன் சீட்டு கட்டினான்" என்றான். பொய் சொல்ல மாட்டேன், நானே டார்ச் பிடித்துக்கொண்டு அவனோடு கீழே இறங்கினேன். அவன் சீட்டைக் கையில் பிடித்த பிறகுதான் ஹாலில் அப்பாவுக்குப் போட்ட கட்டில் ஞாபகம் வந்து, வேண்டாம் போய்விடு என்று கத்திவிட்டேன். கோபித்துக்கொண்டு போனவன் இன்னும் பேசவில்லை.

இனி எழுதப்போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கேமராவைக் காட்டிய கையோடு ட்ரேசி வீடு முழுக்க நடந்தாள். மாடியில் உன் அறையிலும் இரேனா அறையிலும் தையல் அறையிலும் தரையில் சூடு வருகிற வாய்களை நான் மூடி, மேலே பழைய துண்டைத் திணித்து, ஜாடிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். ஆள் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று சர்ச்சில் பிரோகி கொழுக்கட்டை பிடிக்கிற பெண்கள் எல்லாரும் செய்வதுதான். அப்பா இருந்தால் விடமாட்டார், அதனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே செய்தேன், பதினொன்றில் ஏழு வாயை அடைத்தேன், அந்த மாச பில்லில் பதினெட்டு டாலர் குறைந்ததும் தலைகால் புரியவில்லை. காற்று போக வழியில்லாமல் ஃபர்னஸ் கொதித்துக் கொதித்துத் தானாக அணைந்ததாம். அணையும்போதெல்லாம் நான் கீழே இறங்கி ஸ்விட்சைப் போட்டு எழுப்பிவிட்டேன், ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஆறு தடவை, அந்தச் சூட்டில்தான் தகடு விரிசல் விட்டதாம். ஓடமாட்டேன்னு அது கெஞ்சியிருக்கும்மா, நீங்கதான் விடல, கழுத்த நெரிச்சுட்டீங்க என்று ட்ரேசி மெதுவாகத்தான் சொன்னாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், மகனே.

இன்று மத்தியானம் அப்பாவிடம் சொல்லப் போனேன். அவருக்காகச் செய்த முட்டைக்கோஸ் உருண்டையை ஊட்டிக்கொண்டே ஃபர்னஸ் விஷயத்தைச் சொன்னேன், எதனால் என்றார். துண்டும் ஜாடியும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. வயசாயிடுச்சு, விரிசல் விட்டிருச்சு என்றேன். அவர் "என் கஞ்சத்தனந்தான் அடெலின், வருஷத்துக்கு ஒரு தரம் ஆளக் கூப்பிட்டிருந்தா இப்படி ஆவுமா, இந்தக் குளிர்ல உன்னத் தனியா நடுங்க விட்டுட்டேனே, என்னை மன்னிச்சிரு" என்றார். கண்ணில் தண்ணீர், உன் அப்பாவுக்கு. நான் முட்டைக்கோஸைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சோலான்ஜ் அந்த இல்லத்துக்கு மாற்றுகிற காகிதத்தைக் கொண்டுவந்ததும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவரே வாங்கிக் கையெழுத்துப் போட்டார், தண்டனையை ஒப்புக்கொள்கிற மனுஷன் மாதிரி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வருகிறது.

உனக்கும் கொலீனுக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும், நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும். இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் அந்த இல்லத்துக்குப் போன் செய்து அப்பாவைப் பேசக் கூப்பிடு. என்னால்தான் எல்லாம் என்று அவர் ஆரம்பிப்பார். இல்லை அப்பா, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லு. பின்னே யார் மேல் என்று கேட்பார். சொல்லிவிடு.

உன் அம்மா
அடெலின்